கரிகாலனை வளர்த்தவர்கள்



கரிகாலன் என்றதும் கல்லணையைச் சொல்வோம். அணை இருக்கட்டும். அந்தப் பிள்ளையை வளர்த்தது யார்? இன்று என் கேள்வி அதுதான்.

மாசிடோனியாவின் அலெக்சாந்தருக்குப் பாடம் சொல்ல அரிஸ்டாட்டில் இருந்தார். 20 வயதில் தந்தையின் படை அப்படியே கைக்கு வந்தது. நம் உறையூர்ப் பிள்ளை கரிகாலனுக்கு? இளஞ்சேட்சென்னியின் மகன். தாய் வயிற்றில் இருந்தபோதே அரசுரிமை பெற்றவன் என்கிறது பொருநராற்றுப்படை. உரிமை வந்தது, நாடு வரவில்லை! பகைவரின் சிறையில் வளர்ந்து, காவலை உடைத்து வெளியேறித்தான் அரசைப் பெற்றான் என்கிறது பட்டினப்பாலை. நெருப்பில் பட்டு உயிர் பிழைத்தவன், பிடர்த்தலையாரின் துணையால் ஆட்சிக்கு வந்தான் என்கிறது பழமொழி நானூறு. ஆக, துணிவைத் தந்தது சிறை. தோள் கொடுத்தவர் பிடர்த்தலையார்.

அடுத்தது வெண்ணிப் போர். நீடாமங்கலம் பக்கத்தில் இன்றிருக்கும் கோவில்வெண்ணிதான் அந்த ஊர். சேரனும் பாண்டியனும் ஒரே களத்தில் தோற்றார்கள். பதினொரு வேளிரும் தோற்றார்கள். அப்போது அவன் இளைஞன்!

இவ்வளவு வென்றவனிடம் வழக்கோடு வந்த முதியவர்கள், "இவன் சின்னப் பையன், இவனுக்கு நீதி தெரியுமா?" என்று தயங்கினார்கள். "நான் அரசன், என்னையா சந்தேகப்படுகிறீர்கள்?" என்று அவன் சீறியிருக்கலாம். சீறவில்லை. நரைமுடி தரித்து வந்து அமர்ந்தான், வழக்கைக் கேட்டான், அவர்கள் மனம் நிறையத் தீர்ப்புச் சொன்னான். இதுவும் பழமொழி நானூறு தரும் செய்தி.

அவனை இன்னும் கடுமையாகச் சோதித்தவர் ஒரு பெண், வெண்ணிக் குயத்தியார். வெண்ணிப் போரில் மார்பில் பாய்ந்த வேல் முதுகிலும் புண் செய்ததற்கு நாணி, உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்டான் சேரன் பெருஞ்சேரலாதன். குயத்தியார் கரிகாலனைப் பார்த்தே கேட்டார்: வென்றவன் நீதான், ஆனால் உன்னைவிட நல்லவன் அவன் அல்லவா? வெற்றி முழக்கத்துக்கு நடுவே இப்படிக் கேட்க எத்தனை பேருக்கு நா எழும்? அந்தப் பாட்டு இன்றும் புறநானூற்றில் 66ஆம் பாட்டாக நிற்கிறது.

கரிகாலனைப் புனிதனாக்க நான் வரவில்லை. பகைவர் ஊர்களை அவன் பாழாக்கியதையும் பட்டினப்பாலை மறைக்காமல் சொல்கிறது. அப்படிப்பட்ட ஒருவனைத்தான் முதியவர்கள் ஐயப்பட்டார்கள், ஒரு புலவர் கேள்வி கேட்டார். அந்த ஐயத்துக்கும் அந்தக் கேள்விக்கும் அவன் காலத்தில் இடம் இருந்தது.

பெரியோர்களே, பொறுப்புக்கு வரும் இளைஞர்களைத் தாராளமாகச் சோதியுங்கள். சோதித்த பின் வழிவிடுங்கள். மாணவர்களே, வயதைச் சொல்லி ஐயப்படுகிறவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், தீர்ப்பைச் சரியாகச் சொல்லுங்கள். கவிஞர்களே, வென்றவர் வீட்டு வாசலில் மாலையோடு மட்டும் நிற்காதீர்கள். குயத்தியாரின் கேள்வியையும் கொண்டு போங்கள்.