தங்கவயலின் செய்தி தங்கவயலுக்கு முதலில் வரவேண்டும்

(வார்டு மட்டப் பணிகள் குறித்துக் கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2012 நவம்பரில் உச்சநீதிமன்றத்தில் கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கு நடந்துகொண்டிருந்தது. அணுக்கழிவை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்ற கேள்வி எழுந்தபோது, அரசுத் தரப்பின் பதிலில் கோலார் தங்கவயலின் பெயர் வந்தது. மூடப்பட்ட சுரங்கத்தின் ஆழத்தில் கழிவைப் புதைக்கலாம் என்பது அதன் பொருள். மறுநாள் நாளேட்டைப் பிரித்தவர்கள் திகைத்தனர். தங்கவயலில் கடைகள் அடைக்கப்பட்டன. மக்கள் கட்சி வேறுபாடின்றி வீதிக்கு வந்தனர். அதன் பிறகே, அப்படியொரு திட்டம் இல்லை, முற்காலத்தில் அந்தச் சுரங்கத்தில் ஆய்வு மட்டுமே நடந்தது என்ற விளக்கம் அணுசக்தித் துறையினரிடமிருந்து வந்தது.

அந்த எதிர்ப்பு வென்றது. ஆனால் அதில் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. தங்கள் காலடி நிலத்தைப் பற்றிய பேச்சு தில்லியில் நடந்தது. அதன் மேல் குடியிருந்தவர்கள் அதைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். உணர்ச்சி கொந்தளிக்கும் அளவுக்குப் பெரிய செய்தியாக இருந்ததால் அது லைன் வீடு வரை வந்துசேர்ந்தது. குடிநீர்க் குழாய், சாக்கடை, பொதுக் கழிப்பிடம், வீட்டுமனைப் பட்டா ஆகியவை பற்றிய முடிவுகள் அவ்வளவு சத்தம் போடுவதில்லை. வேலை முடிந்து பில் பணம் கொடுக்கப்பட்ட பின்னும் அந்தத் தெருவுக்கு அது தெரியாமல் இருப்பதுண்டு.

தங்கவயலுக்கு இது புதிதன்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த நாளிலிருந்து, முடிவு ஓரிடத்திலும் அதைச் சுமக்கும் முதுகு வேறிடத்திலும் இருந்துவந்தன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களின் குடும்பங்கள் மூங்கில் தட்டி வீடுகளில் வாழ்ந்தன. 1930-இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தது. தங்களைக் குற்றவாளிகளைப் போல நடத்தும் செயல் என்று கண்ட ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள், மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த நாளைத் தங்கவயல் மறக்கவில்லை.

அந்தக் காலத்தில் செய்தி எப்படிப் பரவியது? ஷிப்டு மாறும் நேரத்தில் சுரங்க வாயிலில் ஆயிரம் பேர் ஒன்றாக நிற்பார்கள். சங்கத்தின் குரல் அங்கே ஒலித்தால் மாலைக்குள் எல்லா லைன்களிலும் அதே பேச்சுதான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் போனஸ் கணக்கு தெரிந்திருந்ததற்குக் காரணம் அந்த வாயிற்கூட்டம்.

2001 பிப்ரவரி 28-உடன் அந்த வாயில் மூடப்பட்டது. பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனத்தின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள் என்பது எல்லோரும் பேசும் இழப்பு. அதனுடன் செய்தி பரவும் வழியும் போயிற்று. இன்று தங்கவயலின் உழைப்பாளி விடியுமுன் மாரிக்குப்பத்திலோ சாம்பியனிலோ உரிகத்திலோ கோரமண்டலிலோ ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு போகிறார். ஒருவர் ஆயத்த ஆடை ஆலையில், ஒருவர் காவல் பணியில், ஒருவர் கட்டடத்தில், ஒருவர் அலுவலகத் துப்புரவில். இரவு திரும்பிச் சோறுண்டு படுக்கிறார். வேலைத்தலம் நூறாகச் சிதறிவிட்ட பிறகு, இவர்கள் அனைவருக்கும் பொதுவாக எஞ்சியிருக்கும் இடம் குடியிருப்பு மட்டுமே. சுரங்க வாயில் செய்த வேலையை இனி லைனும் தெருவும் வார்டும்தான் செய்யவேண்டும். குடியிருப்போர் சங்கம் என்ற அமைப்பைக் கட்சி உறுப்பினர்கள் இந்தக் கண்கொண்டு பார்ப்பது அவசியம்.

‘இது நலச்சங்க வேலை, வர்க்கப் போராட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு’ என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களின் ஐயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பெருநகரங்களின் அடுக்குமாடிச் சங்கங்கள் தள்ளுவண்டிக்காரரையும் குடிசைவாசியையும் விரட்டுவதற்காகவே கூடுகின்றன. அவர்களுக்கு நகரசபைத் தகவல் வேண்டுவது தங்கள் மனையின் விலை உயர்வதற்காக. தங்கவயலின் லைனில் கேள்வி வேறு. இங்கே சாக்கடை என்றால் யார் கையால் அது அள்ளப்படுகிறது என்ற கேள்வியும், வீடு என்றால் கம்பெனி நிலத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவனுக்கு அதில் உரிமை உண்டா என்ற கேள்வியும் உடன் வருகின்றன. தகவலைக் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அந்த வேலையின் குணம் மாறுகிறது.

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு 1994 டிசம்பரில் மக்கள் விசாரணைகளைத் தொடங்கியபோது, அது கேட்டது மிகச் சாதாரணமான ஒன்று: பஞ்சாயத்து வேலைகளின் கூலிப்பட்டியலை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படியுங்கள். படித்தபோது வேலைக்கே போகாதவர்களின் பெயர்களும், கட்டி முடித்ததாகக் கணக்கு காட்டப்பட்ட அரைகுறைக் கட்டடங்களும் வெளிவந்தன. கூலி கிடைக்காத விவசாயத் தொழிலாளியின் கோரிக்கை பதினோரு ஆண்டில் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக ஆனது. சிறிய வேலை என்று அதை யாரும் சொல்ல முடியாது.

அந்தச் சட்டத்தைத் தோழர்கள் பெரும்பாலும் மனு எழுதும் சட்டமாக மட்டுமே அறிவார்கள். பத்து ரூபாய் கட்டி முப்பது நாள் காத்திருப்பது அதன் ஒரு பகுதி. அதற்கு முன்னுள்ள 4-ஆவது பிரிவு, யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிடவேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. குழுக்களின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்பைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா என்பதையும், திட்டவாரியான ஒதுக்கீட்டையும் செலவையும் அலுவலகமே அறிவிக்கவேண்டும். அதே பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, தகவலை உள்ளூர் மொழியிலும் அந்த வட்டாரத்தில் மிகப் பயன்தரும் வழியிலும் பரப்பவேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகையும் பொது அறிவிப்பும் அந்த வழிகளில் அடங்கும். இன்னொரு விதி 2-ஆவது பிரிவில் ஒளிந்திருக்கிறது: நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. சிமெண்டு சாலை போடும்போது கலவையின் மாதிரியைக் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணமும் கிடையாது.

உள்ளூர் மொழி என்ற சொல் தங்கவயலில் தனிக் கவனத்துக்கு உரியது. நகரசபையின் ஆவணம் கன்னடத்தில் இருக்கிறது. அது மாநில ஆட்சிமொழி, அதில் குறை காண ஏதுமில்லை. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் மூத்தவர்கள் பலருக்கு அந்த எழுத்து புரியாது. அவர்களின் பேரப் பிள்ளைகள் கன்னடத்தில் படித்தவர்கள். பேத்தி அறிவிப்பைக் கன்னடத்தில் வாசித்துப் பாட்டிக்குத் தமிழில் சொன்னால் வேலை முடிந்தது. தெலுங்கும் உருதும் பேசும் வீடுகளும் அதே தெருவில் இருக்கின்றன. எந்த மொழிக்காரரையும் விட்டுவிட்டுச் செய்யும் வேலை பாதி வேலை. தண்ணீர்ப் பிரச்சினையை மொழிப் பிரச்சினையாக்கிக் குளிர்காய நினைப்பவர்களுக்குத் தோழர்கள் இடம் கொடுக்கக்கூடாது.

வார்டு குழு பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் மட்டுமே வார்டு குழுவைக் கட்டாயமாக்கியது. தங்கவயலின் மக்கள்தொகை அதில் ஏறத்தாழ பாதி. ஆகவே அரசியலமைப்பின் கட்டாயம் இங்கே இல்லை. கேரளம் தன் 1994-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தில் சிறிய நகரங்களுக்கும் வார்டு சபையைக் கொண்டுவந்தது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் திட்டநிதியின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குச் சென்றது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1 அன்று நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தங்கவயலில் சட்டம் தானாகக் கொடுக்காத இடத்தை மக்கள் கூடி உருவாக்கவேண்டியிருக்கிறது. மாதம் ஒரு தெருக்கூட்டம் நடத்த யாருடைய அனுமதி ஆணையும் தேவையில்லை. கவுன்சிலரை அழைத்தால் அவர் எந்தக் கட்சியினராயினும் வராமல் இருப்பது அவருக்குத்தான் கடினம்.

எப்போது கூடுவது என்பது சிறிய விஷயமாகத் தோன்றும். பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தால் வருபவர்கள் ஓய்வு பெற்றோரும் ஒப்பந்தக்காரரும் மட்டுமே. ரயில் திரும்பிய பிறகு, அல்லது ஞாயிறு மாலை என்றால் ஆண்கள் வருவார்கள். தண்ணீர் வரும் நேரமாக இருந்தால் பெண்கள் வரமாட்டார்கள். குழாயடியில் மணிக்கணக்கில் நிற்பவரே தண்ணீர்த் திட்டம் பற்றி அதிகம் அறிந்தவர். அவர் வராத கூட்டத்தில் தண்ணீர் பற்றிப் பேசிப் பயன் என்ன?

பணத்தைப் பற்றி ஒரு கணக்கு. கர்நாடகத்தின் நகர உள்ளாட்சிகள் தங்கள் நிதியில் 24.10 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் நலனுக்கு ஒதுக்கவேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 17.15 விழுக்காடு, பழங்குடியினர் 6.95, கூட்டினால் இந்த எண் வருகிறது. தலித் மக்கள் இவ்வளவு செறிவாக வாழும் தங்கவயலில், அந்தப் பங்கு எந்த வார்டில் எந்த வேலைக்குச் செலவாகிறது என்பது ஒவ்வொரு லைனுக்கும் தெரிந்திருக்கவேண்டிய செய்தி. நகரசபையின் ஆண்டுச் செயல்திட்டம் கையில் கிடைத்ததும் முதலில் தேடவேண்டிய பக்கம் இதுதான். மாணவர் கல்வி உதவி, வீடு சீரமைப்பு போன்றவற்றுக்கு மனு கேட்கும் அறிவிப்புக்குக் கடைசித் தேதி உண்டு. தேதி கடந்தபின் தெரிந்துகொள்வதும் தெரியாமல் இருப்பதும் ஒன்றுதான்.

இனி, எல்லாவற்றிலும் பெரியது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, பாரத் கோல்ட் மைன்ஸுக்குச் சொந்தமான 1,003.4 ஏக்கரில் நிற்கும் 13 சயனைடு மண்மேடுகளை ஏலம் விடும் ஒன்றிய அரசின் யோசனைக்கு இசைவு தந்தது. மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட அந்த மண்ணில் மீந்திருக்கும் தங்கத்தை எடுப்பது நோக்கம். நூறாண்டு காலம் அரைத்துச் சயனைடில் அலசிக் கொட்டிய மண் அது. கோடைக்காற்றில் அதன் தூசு வீட்டுக்குள் படிவதைத் தங்கவயல் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டைத் தோண்டினால் வேலை வருமா, எத்தனை பேருக்கு, நிரந்தர வேலையா ஒப்பந்த வேலையா? தூசு யார் நுரையீரலுக்குப் போகும்? மேடுகளை ஒட்டியுள்ள லைன்கள் என்னவாகும்? வேலையை வரவேற்கவும் நஞ்சை எதிர்க்கவும் ஒரே நேரத்தில் தெரிந்திருக்கவேண்டிய சிக்கலான விவகாரம் இது. ‘தங்கம் திரும்ப வருகிறது’ என்ற முழக்கத்தில் மயங்குவதும், எதையும் தொடக்கூடாது என்று நிற்பதும் வேலையற்ற இளைஞனுக்கு உதவா.

சுற்றுச்சூழல் முன்அனுமதிக்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை, பொது விசாரணை தேவைப்படும் திட்டங்களுக்கு நடைமுறை வகுத்திருக்கிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, ஒரு தேசிய நாளேட்டிலும் ஒரு வட்டார மொழி நாளேட்டிலும் விளம்பரம், அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில், அதன் படிகள் மாவட்ட ஆட்சியரகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு வைக்கப்படுதல், நடவடிக்கை முழுவதும் ஒளிப்பதிவு. விளம்பரம் வெளியாகும் நாளில் லைனில் அந்த நாளேட்டை யார் வாங்குவார்? முப்பது நாளும் அறிக்கை அலுவலக மேசையில் கிடந்து, முப்பத்தோராம் நாள் பேருந்தில் ஏற்றிவந்தவர்களைக் கொண்டு விசாரணை நடந்துமுடிந்த கதைகள் நாட்டில் நிறைய உண்டு. விதிகளைத் தளர்த்தி விசாரணையையே தவிர்க்கும் முயற்சிகளும் ஒன்றிய ஆட்சியில் தொடர்கின்றன.

ஒவ்வொரு வார்டிலும் இரண்டு தோழர்கள் இந்தப் பொறுப்பை ஏற்றால் போதும். ஒருவர் கன்னடம் தடையின்றிப் படிப்பவராக இருக்கவேண்டும். வாரம் ஒருமுறை நகரசபை அறிவிப்புப் பலகையையும், ஏலம், பொது விசாரணை பற்றிய விளம்பரங்களையும் பார்த்து ஒரு பக்கத்தில் எழுதி, லைன் முனையிலும் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியிலும் ஒட்டவேண்டும். கேள்விப்பட்டதை எழுதக்கூடாது, ஆவணத்தில் கண்டதை மட்டும் எண்ணும் தேதியும் சேர்த்து எழுதவேண்டும். வதந்தியால் காயப்பட்ட ஊர் இது. ஒருமுறை தவறான செய்தி ஒட்டினால் அடுத்த பத்துத் தாளையும் யாரும் படிக்கமாட்டார்கள். ஒப்பந்தக்காரருக்கும் தெருவுக்கும் நடுவே நின்று தரகு பேசும் ஆளாக எவரும் மாறிவிடாதபடி, அந்த இருவரை ஆண்டுதோறும் தெருக்கூட்டமே தேர்ந்தெடுக்கட்டும். கட்சிக்கு வெளியே இருப்பவரும் அதில் இருக்கட்டும்.

முதல் தாளில் எழுதவேண்டியது இப்போதே தெரிகிறது: அந்த வார்டுக்கு இந்த ஆண்டுச் செயல்திட்டத்தில் என்னென்ன வேலைகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தொகை, 24.10 விழுக்காட்டில் எவ்வளவு செலவாகியிருக்கிறது, நகரசபையின் அடுத்த கூட்டம் எந்தத் தேதியில். இந்த நான்கும் பலகையில் இல்லையென்றால், 4-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு ஆணையருக்கு ஒரு கடிதமும், பத்து ரூபாய் மனு ஒன்றும் இந்த வாரமே போகவேண்டும்.