பழைய காரின் அடியில்

அம்பாசடர் கார் உங்களுக்குத் தெரியும். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் அதைச் செய்தார்கள். 2014-இல் அந்த வேலை நின்றது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பாகம் தேடி மல்லிக் பஜாருக்குப் போகிறார்கள்.

அந்தக் காரின் பின் அச்சை, வில் போல் வளைந்த இரும்புப் பட்டைகள் தாங்குகின்றன. பட்டையின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும். அது தேய்ந்தால் குழியில் 'டக் டக்' என்று சத்தம் வரும். சின்னப் பாகம்தான். வீட்டிலேயே மாற்றலாம்.

ஆனால் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. அந்த வண்டி ஒரு டன்னுக்கு மேல் எடை! செங்கல்லும் வேண்டாம், நொறுங்கிவிடும். சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். வண்டியைத் தூக்கி, பலமான இடத்தில் இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளுங்கள். வண்டியை அசைத்துப் பாருங்கள். பின் அச்சு தொங்காமல் ஜாக்கியை அதன் கீழ் வையுங்கள். அப்புறம்தான் ஸ்பேனர்.

புது ரப்பரில் எண்ணெய் தடவினால் ஊதிக் கெடும். சோப்புத் தண்ணீர் போதும். நட்டை லேசாக மாட்டுங்கள். வண்டி தன் சக்கரத்தில் நின்ற பிறகே முழுதாக இறுக்குங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். அவசரக்காரர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். மறுபக்கமும் மாற்றிவிடுங்கள்.

முன்பக்கம் வேறு. அங்கே முறுக்கேற்றிய இரும்புத் தண்டு வண்டியைத் தாங்குகிறது. முறுக்கு திடீரென விட்டால் கை எலும்பு முறியும். அந்த வேலை மெக்கானிக்குக்கு.