ஜன்னல் பக்கம் பார்க்கும் குழந்தை

ஒரு வீட்டில் இரண்டு மாதக் குழந்தை. எப்போது பார்த்தாலும் முகம் வலப்பக்கமே இருக்கும். "ஜன்னல் வெளிச்சம் அங்கேதானே!" என்றார் பாட்டி. குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு பக்கத் தசை இறுகியிருந்தது.

மருந்து எழுதவில்லை. கழுத்தை மெதுவாகத் திருப்பும் பயிற்சியை அம்மாவின் கையாலேயே செய்யவைத்துப் பழக்கினார். "பாயில தலைமாட்டை மாத்திப் போடுங்க. ஜன்னல் இடப்பக்கம் வந்துடும். கிலுகிலுப்பையையும் அந்தப் பக்கமே ஆட்டுங்க" என்றார். வாரத்துக்கு அரைமணி நேரம்தான் அவரிடம். மற்ற நேரமெல்லாம் வீட்டில்தானே!

விழித்திருக்கும்போது, பக்கத்திலேயே இருந்து, ஓரிரு நிமிடம் குப்புறப் போடச் சொன்னார். கழுத்தும் தோளும் வலுப்படும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான். காலை நீட்டி அதில் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிய பாட்டிக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்!

சக்கர நடைவண்டி வாங்கலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றார் பிசியோதெரபிஸ்ட். கனடாவில் 2004லேயே அதன் விற்பனைக்குத் தடை.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரே பக்கம் திரும்புகிறதா? அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். அங்கே கட்டணம் கிடையாது.