பள்ளிப் பையும் குப்பைத் தொட்டியும்

(ஆலய மண்டபத்தில் கல்வி உதவிநிதி வழங்கப்பட்ட நாளன்று செயலவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கோயிலில் வந்து குப்பையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கலாம். கல்விக்காக நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால், பேச்சு தானாகவே குப்பைக்கு வந்துவிடும்.

நம் சிங்கப்பூரில் குப்பையைப் புதைக்கத் தரை இல்லை. லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு 1999 மார்ச் மாதத்தோடு மூடப்பட்டது. ஏப்ரல் 1ஆம் தேதி முதல் கடலில் கரை கட்டி உருவாக்கிய செமாக்காவ் பயனுக்கு வந்தது. எரியும் குப்பையை ஆலைகளில் எரித்தால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. எஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து கடல்வழியே அங்கு போகிறது. அந்த இடமும் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்பது அதிகாரிகளின் கணக்கு. இன்று தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் பிள்ளை அப்போதும் பதின்ம வயதில்தான் இருக்கும்.

பள்ளிகள் கைகட்டி நிற்கவில்லை. 2017 முதல் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்களே நாள்தோறும் தங்கள் இடங்களைத் துப்புரவு செய்கிறார்கள். 2021இல் கல்வி அமைச்சு சுற்றுச்சூழல் பேணலுக்கென்றே தனித்திட்டம் தொடங்கியது. ஆனால் தொட்டி வைப்பது வேறு, அதில் சரியானதைப் போடுவது வேறு. நாட்டில் நீலநிற மறுபயனீட்டுத் தொட்டிகளில் விழுவதில் ஏறக்குறைய 40 விழுக்காடு அழுக்கடைந்தோ பொருந்தாமலோ போகிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்லியிருக்கிறது. பாக்கெட் பானத்தில் மிச்சமிருக்கும் நாலு சொட்டு போதும். கீழே கிடக்கும் தாளெல்லாம் நனைந்து வீணாகும். வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் 2023இல் 12 விழுக்காடுதான். ஆகவே மறுபயனீட்டைவிடக் குப்பையே வராமல் பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

இப்போது பாடநூலுக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற உரிமையில் பேசுகிறேன். ஆண்டிறுதியில் பிள்ளைகள் பையைக் காலி செய்யும்போது பார்க்க வேண்டும். பத்துப் பக்கம் எழுதிய நோட்டுப் புத்தகம், அட்டை கசங்காத பாடநூல், ஒரு பக்கம் மட்டும் அச்சான பயிற்சித்தாள், எல்லாம் ஒரே கட்டாகக் கிளம்பும். பாடநூலை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது இந்நாட்டுக்குப் புதிதல்ல. என்டியுசி ஃபேர்பிரைஸ் 1983லிருந்து பழைய பாடநூல்களைத் திரட்டிப் பகிர்ந்து வருகிறது. நம் கல்வி நிதி மட்டும் ஏன் ஒவ்வொரு நூலையும் புதிதாகவே வாங்க வேண்டும்?

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. விடை எழுதிய பயிற்சிநூல் அடுத்தவருக்கு உதவாது. பாடத்திட்டம் மாறினால் பழைய நூல் செல்லாது. தொடக்கப்பள்ளித் தாய்மொழிப் பாடத்திட்டம் 2024இல் முதல் வகுப்பிலிருந்து மாறத் தொடங்கியது. எனவே வாங்கி வைப்பவருக்குப் பள்ளியின் நூற்பட்டியலைப் பார்த்துப் பதிப்பைச் சரிபார்க்கும் பொறுமை வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே பலர் இருக்கிறோம். அந்த வேலைக்கு எங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

“வசதியற்ற பிள்ளைக்குப் பழசைக் கொடுப்பதா, மனம் நோகாதா?” என்று செயலவையிலேயே ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி. உதவி பெறுபவருக்கு மட்டும் என்று பிரித்தால் நிச்சயம் நோகும். யார் வீட்டுப் பிள்ளையும் எடுக்கலாம் என்று வைத்துவிட்டால் நோக இடமில்லை. என் பேரப்பிள்ளைகளுக்கு அந்த மேசையிலிருந்துதான் நூல் எடுப்பேன்.

நன்கொடையாளப் பெருமக்கள் மன்னிக்க வேண்டும், இன்னொன்றும் சொல்கிறேன். புதுப் பையும் பென்சில் பெட்டியும் மேடையில் கொடுக்க அழகாக இருக்கின்றன. படமும் நன்றாக விழும். ஆனால் பல வீடுகளில் மூன்றாவது பை அலமாரியில் தூங்குகிறது. பேருந்துச் செலவு, பள்ளிச் சிற்றுண்டிச்சாலைச் செலவு, கண்கண்ணாடி இவைதாம் பெற்றோர் வாய்விட்டுக் கேட்காதவை. நூலில் மிச்சமாகும் தொகையை அவற்றுக்குத் திருப்ப அனுமதி தாருங்கள்.

நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கழுவி வைக்கும் தட்டில் சாப்பிடும் பிள்ளை, அன்னதானத்தில் பிளாஸ்டிக் தட்டையும் குவளையையும் ஒருமுறை தொட்டுவிட்டு எறிகிறது. வாழையிலை போட்டால் போதும் என்று சிலர் நிறைவடைகிறார்கள். அந்த இலையையும் மிச்சச் சோற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அதே எரியாலைக்குத்தான் அனுப்புகிறோம்! பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் தொண்டர்கள், எவர்சில்வர் குவளை வாங்கிக் கொடுத்தால் தாங்களே கழுவி அடுக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் வெள்ளிக்கிழமைகளில் நடத்திப் பார்க்கலாம். திருவிழா நாள் கூட்டத்துக்கு அது தாங்குமா என்பதைப் பிறகு பேசுவோம்.

பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்திலிருந்து அலுவலகத்துக்கு அருகே ஒரு மேசை போடப்படும். பாடநூல்களைப் பென்சில் குறிப்புகளை அழித்து, வகுப்பு வாரியாகக் கட்டிக் கொண்டுவாருங்கள். எழுதிய பயிற்சிநூல் வேண்டாம். பாதி எழுதிய நோட்டுப் புத்தகங்களில் எழுதிய தாள்களைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். வெற்றுத் தாள்களைத் தைத்துச் சமய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தருவோம். மாலைப் பூசைக்குப் பிறகு நான் அங்கேதான் இருப்பேன்.