சராசரிக் கணக்கும் காந்தப் புயலும்

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



உழவியல் ஆசிரியர் ஒருவர் வானத்து மின்துகள்களைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் மிகக் கடுமையான புவிக்காந்தப் புயல் ஒன்று ஏற்பட்டது. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் அப்போது மக்காச்சோள விதைப்புக் காலம். செயற்கைக்கோள் வழிகாட்டியை நம்பி ஓடிய டிராக்டர்கள் தடுமாறின. பல விவசாயிகள் விதைப்பை நிறுத்த நேர்ந்தது. மருந்து தெளிக்கும் டிரோனும் நிலம் அளக்கும் ஜி.பி.எஸ். கருவியும் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டன. ஆகவே இது நமக்கும் உரிய செய்தியே.

பிழை எங்கே பிறக்கிறது?

தரைக்கு மேல் சுமார் 60 கிலோமீட்டர் தொடங்கி 1000 கிலோமீட்டர் வரை அயனி மண்டலம் பரவியுள்ளது. சூரிய ஒளியால் அங்கே காற்றிலிருந்து மின்னணுக்கள் பிரிகின்றன. செயற்கைக்கோளின் சமிக்ஞை அவற்றின் ஊடே வரும்போது தாமதமாகிறது. மின்னணு அடர்த்தி 1 அலகு கூடினால் தூரக் கணக்கில் சுமார் 16 சென்டிமீட்டர் பிழை வரும். 100 அலகு என்றால் 16 மீட்டர்! இந்தத் தாமதத்தை மதிப்பிட்டுக் கழிப்பதற்காகவே விஞ்ஞானிகள் கணித மாதிரிகளை வகுத்துள்ளார்கள்.

சாதாரண ஜி.பி.எஸ். கருவியில் உள்ள குளோபுச்சார் மாதிரி எட்டு எண்களை மட்டுமே கொண்டு கணக்கிடுகிறது. தாமதம் பிற்பகல் 2 மணிக்கு உச்சம் பெறும் என்றும், இரவு முழுவதும் ஒரே அளவாக இருக்கும் என்றும் அது கொள்கிறது. ஏறத்தாழப் பாதிப் பிழையை இது நீக்கிவிடும். சர்வதேச மேற்கோள் அயனி மண்டல மாதிரி இதைவிட விரிவானது. ஆனால் அதுவும் அடிப்படையில் மாதத்தின் நடுத்தர நிலையையே சொல்கிறது.

நம் பகுதியில் என்ன சிக்கல்?

காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கும் இதுவே காரணம். பகலில் இக்கோட்டின் மேலே மின்துகள்கள் நீரூற்றுப் போல எழும்பி, வடக்கிலும் தெற்கிலும் சுமார் 15 பாகை தள்ளி இறங்கிக் குவிகின்றன. வடபுறக் குவியல் அகமதாபாத், போபால், கொல்கத்தா வட்டாரங்களின் மேல் அமைகிறது. காந்தப் புயலின் தொடக்கத்தில் இந்த ஊற்று பகலில் திடீரென வலுக்கலாம். சில மணி நேரம் கழித்து, துருவப் பகுதியில் சூடான காற்றின் விளைவாக ஊற்று அடங்கியும் போகலாம். முதலில் கூடுதல், பிறகு குறைவு! சராசரிக் கணக்கு இதை எப்படி அறியும்?

மாத மழை சராசரியாக 100 மில்லிமீட்டர் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது முழுவதும் ஒரே இரவில் கொட்டினால் நாற்றங்கால் என்னாகும் என்பதை அந்தச் சராசரி சொல்லாது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

செயற்கைக்கோள் அனுப்பும் இரண்டு அலைவரிசைகளும் வெவ்வேறு அளவில் தாமதமாகின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து மின்னணு அடர்த்தியை அளந்துவிடலாம். அளந்த மதிப்பையும் மாதிரி சொன்ன மதிப்பையும் மணிக்கு மணி ஒப்பிட வேண்டும். இங்கே மூன்று எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, புயல் நாட்களை அமைதியான நாட்களோடு கலக்கக் கூடாது. கலந்தால் புயல் நாளின் பெரும்பிழை சராசரியில் மறைந்துவிடும். இரண்டாவது, கூடுதல் பிழையும் குறைவுப் பிழையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள விடக் கூடாது. மூன்றாவது, காந்த நடுக்கோட்டின் அருகிலும் குவியல் பகுதியிலும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஓரிடத்தில் தேறிய மாதிரி மற்றோரிடத்திலும் தேறும் என்பது நிச்சயமில்லை. நீண்டகாலப் பதிவுகள் மிகுதியாக உள்ள நடு அட்சப் பகுதிகளில் நன்றாக வேலை செய்யும் மாதிரி, இங்கே தடுமாறக்கூடும். ஆடுதுறையில் தேறிய நெல் இரகத்தை மானாவாரி நிலத்தில் சோதிக்காமல் நாம் பரிந்துரைப்பதில்லை அல்லவா?

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அளவைக்கு முன்னும் பின்னும், இருப்பிடம் ஏற்கெனவே சரியாகத் தெரிந்த எல்லைக்கல் ஒன்றின் மேல் கருவியை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் அன்றைய அளவை ஏற்க வேண்டாம்.

2. இயன்றால் இரண்டு அலைவரிசைக் கருவியைப் பயன்படுத்துங்கள். அருகில் நிலையான ஆதாரக் கருவி இருப்பதும் நல்லது. ஆனால் கடும்புயலில் இவையும் தவறக்கூடும்.

3. புயல் எச்சரிக்கை உள்ள நாளில் எல்லை அளவையையும் டிரோன் தெளிப்பையும் தள்ளிப் போடுங்கள்.

4. கருவி விற்பவரிடம், "எந்த ஊரில், எந்த நாட்களில் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள்.

எல்லை ஒரு மீட்டர் நகர்ந்தால் பங்காளிகளுக்குள் பகை மூளும். தெளிப்பு சில மீட்டர் விலகினால் அடுத்த வயலின் பயிர் கருகும். கருவியின் திரையில் தெரியும் எண் ஒரு மதிப்பீடே என்பதை மறவாதீர்கள். சோதித்துப் பார்த்த பின்னரே கல்லை நடுங்கள்.