யார் நடந்து போவது?



பள்ளிக்கூடத்தில் சாதி பார்க்காமல் பிள்ளைகள் ஒன்றாக உட்காருவதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பேசுகிறேன். ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டுமென்றால், இருவரில் யார் யாருடைய பள்ளிக்கு நடந்து போவது?

சென்னை மாகாணத்தில் 1919-இல் வந்த அரசாணை ஒன்றில் ஒரு கணக்கு இருக்கிறது. பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் 609 பள்ளிகளில்தான் பஞ்சமர் என்று அன்று அழைக்கப்பட்ட எங்கள் மக்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளி பல ஊர்களில் அக்கிரகாரத்தில் இருந்தது, கோயிலை ஒட்டிய சாவடியில் இருந்தது. தெருவுக்குள்ளேயே கால் வைக்க முடியாத பிள்ளை பள்ளிக்குள் எப்படிப் போவான்? அப்புறம் தொழிலாளர் துறை சேரிப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகளைத் திறந்தது. அவைதான் ஹரிஜன நலப் பள்ளிகளாகி, இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக இருக்கின்றன. நான் ஆனா ஆவன்னா எழுதியது அப்படிப்பட்ட ஒரு பள்ளியில். அது இல்லாவிட்டால் எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் பலர் கைநாட்டாகவே இருந்திருப்போம். அந்த நன்றியை வைத்துக்கொண்டுதான் மற்றதைச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்புக்கு ஊருக்குள் போனேன். ஏரிக்கரை வழியாக நடை. முதல் நாள் வாத்தியார் யாரையும் திட்டவில்லை, விரட்டவில்லை. "அங்க போயி உக்காருங்கப்பா, உங்க ஆளுங்க இருக்காங்க" என்றார், அவ்வளவுதான். அன்றைக்கு உட்கார்ந்த இடத்தில்தான் வருஷம் முழுக்க உட்கார்ந்தோம். தாழ்வாரத்தில் தண்ணீர்ப் பானை இருக்கும், மேலே தட்டு மூடி, அதன்மேல் ஒரு அலுமினிய டம்ளர். மற்ற பையன்கள் மொண்டு குடிப்பார்கள். நாங்கள் போனால் ஒருவன் டம்ளரை உயரத் தூக்கி ஊற்றுவான். குனிந்து, இரண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்துக் குடிக்க வேண்டும். பாதித் தண்ணீர் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும். சட்டை நனைந்த பையன் யார் என்று பார்த்தாலே அவன் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும். உதவித்தொகை வரும் நாளில் எழுத்தர் வாசலில் நின்று, "எஸ்.சி. பசங்கல்லாம் வெளிய வாங்க" என்பார். அரசாங்கம் எங்களைத் தூக்கிவிடக் கொடுத்த பணம் அது. அதை வாங்க வகுப்பே பார்க்க எழுந்து போவதற்குள் உடம்பு கூசிப்போகும்.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்பவர்களுக்கு ஒன்று. 1995-இல், இதே சேலம் மாவட்டத்தில், பள்ளியில் பானைத் தண்ணீரை எடுத்துக் குடித்தாள் என்று ஆசிரியர் அடித்ததில் ஒரு தலித் சிறுமி ஒரு கண்ணின் பார்வையை இழந்தாள். நான் அப்போது ஆசிரியராக இருந்தேன். அந்தச் செய்தியைப் படித்த அன்று வகுப்பில் என்னால் பேச முடியவில்லை.

எங்களுக்கு முன்னே போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன். இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூரில் படித்தபோது ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர எல்லோரும் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாரோடும் பழகாமல், பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார் என்று தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் பேசியவர், பள்ளியில் ஒரு சிநேகிதன்கூட இல்லாமல் படித்தார்.

ஒரே கூரைக்குள் வந்துவிட்டால் மட்டும் போதாது என்பதை நம் பக்கத்து ராசிபுரத்துக்காரர் டாக்டர் வரதராஜுலு நாயுடு நூறு ஆண்டுக்கு முன்பே உரக்கச் சொன்னார். சேரன்மாதேவி குருகுலத்தில் வ.வே.சு. ஐயர் தேசபக்தியைக் கற்பித்தார். அங்கேயே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. பெரியாரும் நாயுடுவும் அதை எதிர்த்து 1924, 25-இல் நடத்திய போராட்டம் தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. பந்திப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 2023-இல் கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், காலை உணவைச் சமைப்பவர் தலித் பெண் என்று சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியரே போய்ப் பேச வேண்டியிருந்தது.

சட்டம் பிரிக்காத இடத்திலும் பள்ளி பிரியும் என்பதற்கு அமெரிக்காவின் வடக்கு நகரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்கே கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று சட்டமே இருந்தது. 1954-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சிகாகோ, நியூயார்க், பாஸ்டன் நகரங்களில் அப்படிச் சட்டம் இல்லை. "எங்கள் பள்ளி எல்லோருக்கும் பொது" என்றே அங்கே சொல்லிக்கொண்டார்கள். ஆனால் கறுப்பினத்தவருக்கு வெள்ளையர் பகுதியில் வீடு கிடைக்காது, வங்கியில் கடன் கிடைக்காது. வீடு பிரிந்தால் பள்ளியும் பிரிந்துவிடும். சிகாகோவில் கல்விக் கண்காணிப்பாளர் பெஞ்சமின் வில்லிஸ், நெரிசலான கறுப்பினப் பள்ளிகளின் முற்றத்தில் நகரும் வண்டி அறைகளைக் கொண்டுவந்து நிறுத்தினாரே தவிர, காலி இடமிருந்த வெள்ளையர் பள்ளிக்கு அந்தப் பிள்ளைகளை அனுப்பவில்லை. இதை எதிர்த்து 1963 அக்டோபர் 22 அன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே பள்ளிக்குப் போக மறுத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் நியூயார்க்கில் 4 லட்சத்துக்கும் மேல்.

பாஸ்டனில் 1974-இல் நீதிபதி கேரிட்டி பிள்ளைகளைப் பேருந்தில் மாற்றி அனுப்ப உத்தரவிட்டார். ராக்ஸ்பரியிலிருந்து கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பகுதியான சவுத் பாஸ்டனுக்குப் போனார்கள்; அந்தப் பேருந்துகள்மீது கல் விழுந்தது. உத்தரவுப்படி வெள்ளையினப் பிள்ளைகளும் ராக்ஸ்பரிக்கு வர வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் வரவில்லை. அதே ஆண்டில் டெட்ராய்ட் வழக்கில், புறநகர்ப் பள்ளிகளை இந்த ஏற்பாட்டுக்குள் இழுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசதியுள்ளவர்களுக்கு வெளியேற வழி திறந்தே இருந்தது.

நம்மிடமும் அந்த வழி திறந்துதான் இருக்கிறது. காலையில் மேச்சேரி பஸ் நிலையத்தருகே நின்று பாருங்கள். மெட்ரிக் பள்ளி வேன்கள் வரிசையாகப் போகும். இன்னும் வசதியானவர்கள் நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகளில் பிள்ளையை விட்டுவிடுகிறார்கள். காலனிப் பிள்ளைகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குள் தயங்காமல் நடந்து வரத் தொடங்கிய காலத்தில், பல கிராமங்களில் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பள்ளியை விட்டுப் போனார்கள். ஆங்கில ஆசையும் இதற்கு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

நாங்குநேரியில் தலித் மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்பதும், எல்லாப் பள்ளிகளும் ஒரே நிர்வாகத்தில் வர வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக மாநில அரசு 2023 பட்ஜெட்டிலேயே சொன்னது. எங்கள் மக்களிடையே அதற்கு எதிர்ப்பு இருக்கிறது. எதிர்ப்பவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு: இணைப்பு என்ற பெயரில் காலனிப் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளையை ஊருக்குள் நடக்கவிட்டு, பள்ளி நிலத்தையும் இழக்கச் செய்வார்களோ என்ற பயம் அது. நடந்து போவது எப்போதும் எங்கள் பிள்ளையாகவே இருந்திருக்கிறது.

அமெரிக்காவின் வடக்கிலேயே, நியூ ஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டன் என்ற சிற்றூரில், 1948-இல் வேறொரு வழி கண்டார்கள். வெள்ளையர் பள்ளி ஒன்று, கறுப்பினத்தவர் பள்ளி ஒன்று. இரண்டையும் மூடவில்லை. ஊரின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐந்தாம் வகுப்புவரை முதல் பள்ளியில், ஆறு முதல் எட்டுவரை இரண்டாவது பள்ளியில் என்று வகுப்புகளைப் பிரித்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளையும் ஒரு காலத்தில் அடுத்தவர் பகுதிக்கு நடந்தாக வேண்டும்.

இங்கே ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியும் காலனியில் ஒரு நலப் பள்ளியும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற கிராமங்களில் இதைச் செய்து பார்க்கலாம். முதல் மூன்று வகுப்பு ஊரில், நான்கும் ஐந்தும் காலனியில். கட்டடமும் நிலமும் இப்போது இருக்கிற துறையின் பெயரிலேயே இருக்கட்டும். பணியிடம் ஒன்றுகூடக் குறையக் கூடாது. காலனிப் பாதையில் விளக்கு இல்லை, சாக்கடை மூடவில்லை, பிள்ளையை எப்படி அனுப்புவது என்று ஊர்க்காரர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. நாங்கள் மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த விளக்கும் சாக்கடையும்தான் அவை. சேர்ந்து கேட்போம். இரண்டு துறைகளும் ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதால் முதலில் ஒரு தீர்மானம் வேண்டும். இந்த அவையில் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இதை எடுங்கள். கூட்டத்தைக் காலனிப் பள்ளியில் வையுங்கள், நானும் வருகிறேன்.