ஆங்கில வினாத்தாளில் நம் பிள்ளைகள் நிற்கும் இடம்



வெள்ளி விழாவில் வாழ்த்துவதற்குப் பலர் உளர். நமக்கு இடப்பட்ட பணி கல்வியைப் பற்றிப் பேசுவது. ஆதலின் நாள்தோறும் நம் கையில் புழங்கும் பொருளையே எடுத்துக்கொண்டோம். அது பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு. முப்பத்தைந்து மதிப்பெண் பெற்றுத் தாண்ட வேண்டிய வேலி என்றே பலரும் அதனைக் கருதுகின்றனர். அதனைத் தாண்டும் பொழுது நம் பிள்ளை எவருடைய கண்ணால் உலகைக் காணப் பழகுகிறது என்பதே நம் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதிரித் தேர்வில் 'கடற்கரையில் ஒரு நாள்' என்று பத்தி எழுதச் சொல்லியிருந்தோம். மாமல்லபுரத்தை அடுத்த நம் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி ஒருத்தி பிழையின்றி எழுதியிருந்தாள். காரில் சென்றதும், விடுதியில் தங்கியதும், ஐந்து ரதங்களைக் கண்டு வியந்ததும் அதில் இருந்தன. கடற்கரையில் ஏழைப் பெண்கள் சிப்பி மாலைகளை வாங்கச் சொல்லி நச்சரித்தார்கள் என்றும் ஒரு வரி இருந்தது. பத்துக்கு ஒன்பது மதிப்பெண் இட்டு, 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதினோம். மறுவாரம் பெற்றோர் கூட்டத்திற்கு அவளுடைய தாயார் வந்தார். தோளில் ஒரு துணிப்பை. பை நிறையச் சிப்பி மாலைகள். "சீக்கிரம் விட்டுடுங்க சார், கோயில் வாசல்ல கூட்டம் வர்ற நேரம்" என்றார். நமக்கு நா எழவில்லை.

அம்மாணவியின் மீது குற்றமில்லை. துணைநூலில் இருந்த மாதிரிப் பத்தியை மனனம் செய்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். அப்பத்தியில் 'நாங்கள்' என்று பேசுவோர் காரில் வந்தவர்கள். மதிப்பெண் வேண்டுமாயின் அவளும் அந்தக் காரில்தான் ஏற வேண்டியிருந்தது. ஒன்பது மதிப்பெண் இட்ட நமக்கும் அதில் பங்குண்டு.

நாடறிந்த நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். அது நம் மாநிலப் பாடத்திட்டத் தேர்வன்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வு. 2021 டிசம்பர் 11-ஆம் நாள் நடந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில், படித்துப் பொருளுணர்ந்து விடையளிக்க ஓர் உரைப்பகுதி கொடுக்கப்பட்டது. மனைவியர் கணவர்க்கு அடங்காமற் போனதால் பெற்றோரின் அதிகாரம் அழிந்தது, பிள்ளைகளும் வேலைக்காரரும் ஒழுங்கு கெட்டனர் என்பது அதன் சாரம். திருமதி சோனியா காந்தி மக்களவையில் அதனைக் கண்டித்தார். வாரியம் 13-ஆம் நாளே அப்பகுதியை நீக்கி, அதற்குரிய முழு மதிப்பெண்ணையும் அனைவர்க்கும் வழங்கிற்று.

அந்த விவாதம் பெரும்பாலும் பெண்களைப் பற்றியே நடந்தது, நியாயமே. ஆயினும் நம் கண் 'வேலைக்காரர்' என்னும் சொல்லில் தடுக்கி நின்றது. அடங்கியிருக்க வேண்டியவர் பட்டியலில் அவரும் இருக்கிறார். அவ்வேலைக்காரரின் மகளும் அன்று அத்தேர்வை எழுதியிருப்பாளன்றோ? ஆசிரியரின் கருத்து யாது என்றுதான் வினா கேட்கும். உன் கருத்து யாது என்று கேட்பதில்லை. இத்தகைய உரைப்பகுதி வந்தால், தன் தாய் அடங்காததே குடும்பச் சீர்கேட்டிற்குக் காரணம் என்பதைத் தன் கையால் எழுதித்தான் அவள் மதிப்பெண் பெறவேண்டும்.

இலக்கணப் பகுதியும் இதற்கு விலக்கன்று. செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக என்பது நம் தேர்வுகளில் அடிக்கடி வரும் வினா. செய்தவர் இன்னாரெனத் தெரியாவிடினும், சொல்லத் தேவையில்லை எனினும் அவரை விட்டுவிடலாம் என்பது விதி. விதி சரியே. ஆனால் 'கோயிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது' என்று செய்தித்தாளில் படிக்கிறோம், மறுத்தவர் எங்கே? மாமல்லபுரத்தைப் பற்றிய பத்திகளிலோ கடற்கரைக் கோயில் இராசசிம்ம பல்லவனால் 'கட்டப்பட்டது'. மன்னன் உளி பிடிக்கவில்லை. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன் முதலான பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. சிற்பிகளின் பெயர்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அப்பாறையை நம் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுச் செயப்பாட்டுவினையை நடத்தினால் பாடம் ஒரே நாளில் விளங்கிவிடுகிறது. செய்து பார்த்தே சொல்கிறோம்.

இனி ஓர் அகராதிச் சொல். நம் முன்னோரின் சாதிப் பெயரை ஆங்கிலம் கடன் வாங்கி, 'பரையா' என்று ஒலித்து, 'எல்லாராலும் ஒதுக்கித் தள்ளப்பட்டவன்' என்று பொருள் கொண்டது. தெருநாய்க்கும் பருந்துக்குங்கூட அதனை அடைமொழியாக்கினர். உலகச் செய்திகளில் இன்றும் அச்சொல் தாராளமாகப் புழங்குகிறது. ஒரு மாணவன் அகராதியைத் திறந்து, "ஐயா, இது நம்ம பேரா?" என்று கேட்டால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. மதுராந்தகம் வட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தம் இதழுக்கு அப்பெயரையே சூட்டி நிமிர்ந்தார். எம். சி. ராஜா 1922-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஏடுகளில் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை இடம்பெறச் செய்தார். ஒருவர் பெயரை ஏந்தினார், மற்றவர் மாற்றினார். இருவரும் பெயரிடும் உரிமை தமக்குண்டு என்றனர்.

ஆங்கிலத்தை நாம் பழிக்கவில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையும் ஆங்கிலமே. நம் மக்கள் நிலம் பெறாதவாறு மிராசுதாரர்கள் தடுத்ததை அதில் மறைக்காமல் எழுதினார். 1892-இல் அரசு பிறப்பித்த ஆணைவழி வந்தனவே பஞ்சமி நிலங்கள். தடுத்தவர் இன்னார் என்று எழுதிய ஆங்கிலத்தால் விளைந்தது அது.

வினாவை எதிர்த்து விடை எழுதுமாறு பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை. தோற்றுப்போக நமக்கு வசதியில்லை. வினா கேட்டதைத் தேர்வுத்தாளில் எழுதட்டும். பிறகு வீட்டுச் சுவடியில் அதே பத்தியை வேறிடத்தில் நின்று எழுதட்டும். அந்த மாணவியையும் அவ்வாறே எழுதச் சொன்னோம். நான்கே வரிகள் எழுதினாள். என் அம்மா மாலை விற்கிறாள், காரில் வருபவர்கள் பாதி விலைக்குக் கேட்கிறார்கள், அம்மா சில நாள் கொடுத்துவிடுகிறாள், மழை வந்தால் விற்பனை இல்லை. இரண்டு வினைச்சொற்கள் பிழை. அவற்றைத் திருத்தினோம், வேறெதையும் தொடவில்லை.

நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் ஆங்கிலம் நடத்த முன்வரும் இளைஞர்கள், பழைய வினாத்தாள்களோடு அத்தகைய சுவடி ஒன்றையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சுவடிச் செலவை இவ்வாண்டு நம் பள்ளி ஆசிரியர்கள் ஏற்பார்கள்.